15 நிமிடம், 40 குறிப்பு: பிரசன்டேஷனை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி | மார்ச் 3, காலை

அடுத்த வாரம் நிர்வாகக் குழு முன்னால் 15 நிமிடம் பேச வேண்டும். உடைந்து ரிட்டர்ன் வரும் பொருட்கள் கூடிக்கொண்டே போகின்றன, அதனால் பேக்கிங்கை மாற்ற வேண்டும் என்பதுதான் விஷயம். கையில் 40 குறிப்பு இருக்கிறது: புள்ளிவிவரம், வாடிக்கையாளர் புகார், மூன்று சப்ளையர் கொட்டேஷன், மற்ற நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பது, எங்கள் பேக்கிங் எப்படி எப்படி மாறிவந்தது என்பது. பவர்பாயின்ட்டைத் திறந்து 26 ஸ்லைடு போட்டாயிற்று. பின்னணி, பிரச்சினை, ஆய்வு, தீர்வு, கடைசியில் முடிவு என்று போவதுதானே முறை? ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது.

பதில் 1 | மார்ச் 3, மாலை

இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது நீங்கள் வேலை செய்த வரிசை. கேட்பவருக்கு அந்த வரிசையால் பயனில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் நீங்கள் என்ன கேட்க வந்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதுவரை ஒவ்வொரு ஸ்லைடையும் "இதை எதற்குக் காட்டுகிறார்?" என்ற கேள்வியோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஃபைலை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், எதை, எப்போதிலிருந்து செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

"பேக்கிங் பிரச்சினை பற்றிய விளக்கம்" என்று எழுதினால் அது தலைப்பு. அதற்கு யாரும் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல முடியாது. "கண்ணாடி, பீங்கான் பொருட்களை மட்டும் ஜூலை 1 முதல் 5 பிளை (ஐந்து அடுக்கு அட்டை) பெட்டிக்கு மாற்ற இந்தக் குழு இன்று ஒப்புதல் தர வேண்டும்" என்பது கோரிக்கை. ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், "கண்ணாடிக்கு மட்டும் முதலில் செய்" என்று பேரம் பேசலாம். அப்படிப் பேரம் பேசக்கூடிய வாக்கியம் கிடைக்கும்வரை ஸ்லைடு பக்கம் போகாதீர்கள். வாக்கியத்தில் "மற்றும்" இரண்டு முறை வந்தால் இரண்டு பிரசன்டேஷனை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பதில் 2 | மார்ச் 3, இரவு

விட்டுப்போனது ஒன்று. அறையில் எட்டுப் பேர் இருந்தாலும் முடிவெடுப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களில் சிலருக்கு "வேண்டாம்" சொல்லும் பலம் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்கப்போகும் கேள்வியை அந்த வாக்கியத்துக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நிதித்துறை: கூடுதல் பெட்டிச் செலவு எங்கிருந்து திரும்பி வரும்? கிடங்கு: பேக்கிங் வேகம் குறையுமா? விற்பனை: டெலிவரி தாமதமாகுமா? உங்கள் பேச்சின் தூண்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளிலிருந்துதான் வரும். 40 குறிப்பிலிருந்து தானாக வந்துவிடாது.

பதில் 3 | மார்ச் 4

இப்போது அந்த 40 குறிப்புகள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா கள ஆய்வுக் குறிப்புகளை அடுக்க உருவாக்கிய கேஜே முறை இதற்கு அப்படியே பொருந்தும்.

ஒரு ஸ்டிக்கி நோட்டில் ஒரு கருத்து. அதுவும் வினையோடு முடியும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். "ரிட்டர்ன்" என்று எழுதிய சீட்டை எங்கே வைத்தாலும் பொருந்தும், அதனால் எங்கேயும் உதவாது. "உடைந்த ரிட்டர்னில் பாதிக்கு மேல் இரண்டு வகைப் பொருட்களிலிருந்தே வருகிறது" என்று எழுதினால் அது எந்தக் கும்பலில் சேரும் என்று சீட்டே காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பக்கத்தில் நகர்த்துங்கள். கும்பலுக்கு முதலிலேயே பெயர் வைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். "பின்னணி", "சவால்கள்", "இதர விஷயங்கள்" என்று பெயர் வைத்த நிமிடமே சீட்டுகள் அந்தப் பெட்டிகளை நிரப்ப ஆரம்பித்துவிடும், யோசனை நின்றுவிடும். சீட்டுகள் சேர்ந்த பிறகு, "இவை எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன?" என்று கேட்டு, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியம் வரவில்லையென்றால் அது கும்பல் அல்ல, குவியல். கலைத்துவிடுங்கள்.

கும்பல்கள் மூன்றாகவோ நான்காகவோ நிற்க வேண்டும். இங்கே உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையைக் காட்டி "மனம் ஏழு விஷயம் தாங்கும், ஸ்லைடுக்கு ஏழு புள்ளி போடலாம்" என்பார்கள். மில்லர் ஸ்லைடைப் பற்றிப் பேசவில்லை, குறுகிய கால நினைவைப் பற்றிப் பேசினார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கவன் அதே கேள்வியை மறுபடி எடுத்து, ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைப்பது ஏறத்தாழ நான்கு என்றார். மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் போனும் பார்க்கவேண்டியிருக்கும், மூன்றே பாதுகாப்பு.

எந்தக் கும்பலிலும் சேராத சீட்டுகளை மூன்று வழியில் தீர்க்கலாம். கேள்வி வந்தால் தேவைப்படும் என்றால் பேக்கப், அதாவது கேட்டால் மட்டும் காட்டும் ஸ்லைடு. உங்கள் உழைப்பைக் காட்ட மட்டும் உதவும் என்றால் எடுத்துவிடலாம். கோரிக்கைக்கு எதிராக நிற்கும் சீட்டு என்றால் அதை முன்னால் கொண்டுவாருங்கள், ஏனென்றால் அதை யாராவது கட்டாயம் கேட்பார்கள். பேக்கிங்கின் பழைய வரலாறு இரண்டாம் வகை. 40இல் 12, 15 மேடைக்கு வந்தால் அதிகம்.

பதில் 4 | மார்ச் 4, மதியம்

மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்டோ இந்த அமைப்பைப் பிரமிடாக வரைந்தார். உச்சியில் கோரிக்கை, அதற்குக் கீழே காரணங்கள், ஒவ்வொரு காரணத்துக்குக் கீழேயும் ஆதாரம். வரைந்து முடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள்.

மேலிருந்து கீழே போகும்போது ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேளுங்கள், அடுத்த வரி பதில் சொல்ல வேண்டும். கீழிருந்து மேலே ஏறும்போது "அதனால் என்ன?" என்று கேளுங்கள். "போன காலாண்டில் 1,200 பெட்டி திரும்பி வந்தது" என்ற வரிக்கு "அதனால் என்ன?" என்று கேட்டு பதில் வரவில்லை என்றால், அந்த எண் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, நடுவில் ஓட்டையும் கூடாது. ஆலோசனை நிறுவனங்களில் இதை மீசி என்பார்கள். உங்கள் விஷயத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இது: "ரீஃபண்ட் செலவு குறையும்" என்பது ஒரு காரணம், "மாற்றுப்பொருள் அனுப்பும் செலவு குறையும்" என்பது இன்னொரு காரணம். ஆனால் உடைந்த ஒரு பொருளுக்கு ரீஃபண்ட் கொடுப்பீர்கள் அல்லது மாற்றுப்பொருள் அனுப்புவீர்கள், இரண்டும் செய்ய மாட்டீர்கள். உடைந்த மொத்த எண்ணிக்கையை இரண்டாலும் பெருக்கிக் கூட்டினால் ஒரே மிச்சத்தை இரண்டு முறை எண்ணியதாகும். நிதித்துறைக்காரர் அதை அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டால் மீதி எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இடையில் வந்த கேள்வி | மார்ச் 5

முடிவை முதலிலேயே சொன்னால், எதிர்ப்பவர்கள் முதல் ஸ்லைடிலேயே சண்டையை ஆரம்பித்துவிட மாட்டார்களா?

பதில் 5 | மார்ச் 5

ஆரம்பிப்பார்கள். அதனால் முதல் பதிலில் சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டியிருக்கிறது. கோரிக்கை முதல் வாக்கியமாகவே வர வேண்டியதில்லை. முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் போதும். பிரச்சினை இருப்பதையே அறை ஒப்புக்கொள்ளாத நேரத்திலும், கெட்ட செய்தி சொல்லும்போதும் நான்கு வாக்கியம் முன்னால் வரலாம்.

நிலவரம்: நம் விற்பனையில் கண்ணாடி, பீங்கான் பொருட்களின் பங்கு கூடிவருகிறது.
சிக்கல்: அதே பொருட்கள்தான் உடைந்து திரும்பி வருகின்றன.
கேள்வி: விற்பனையைக் குறைக்காமல் இந்த உடைவை எப்படிக் குறைப்பது?
பதில்: இந்த இரண்டு வகைக்கு மட்டும் பெட்டியை மாற்றலாம்.

நிலவரம் என்ற வரியில் அறையில் யாரும் மறுக்காத விஷயம்தான் இருக்க வேண்டும். அங்கே "நம் பேக்கிங் தரம் போதாது" என்று வைத்தால் கிடங்கு மேலாளர் அந்த இடத்திலேயே நிறுத்துவார், உங்கள் 15 நிமிடமும் அதிலேயே போகும். எதிர்க்கப்போகிறவர் யார் என்று தெரிந்தால் மீட்டிங்குக்கு முன்பே அவரிடம் தனியாக அந்த ஒரு பக்கத்தைக் காட்டிவிடுங்கள். அவர் சொல்லும் ஆட்சேபம் நியாயமாக இருந்தால் அதற்கான பதிலை ஸ்லைடிலேயே சேர்க்க அவகாசம் கிடைக்கும்.

பயிற்சி வகுப்புக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. அங்கே படிப்படியாகத்தான் போக வேண்டும்.

பதில் 6 | மார்ச் 6

இப்போதுதான் ஸ்லைடு. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வாக்கியம், இரண்டு வரிக்கு மிகாமல். தலைப்புக்குக் கீழே அந்த வாக்கியத்தை நிரூபிக்கும் ஒரே ஒரு சார்ட்டோ படமோ அட்டவணையோ. மைக்கேல் அல்லி அறிவியல் பேச்சுகளுக்காக வற்புறுத்திவரும் முறை இது, வணிகத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

"ரிட்டர்ன் நிலவரம்" என்று தலைப்பு போட்டால் சார்ட்டைப் படித்து அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருடையதாகிறது. எட்டுப் பேர் எட்டு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். "ரிட்டர்ன் உயர்வு முழுவதும் இரண்டு வகைப் பொருட்களில் இருக்கிறது" என்று போட்டால் எல்லார் கண்ணும் அந்த இரண்டு கோட்டுக்குத்தான் போகும்.

சோதனை: தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். பவர்பாயின்ட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இடப்பக்கம் அவுட்லைன் வந்துவிடும். தலைப்புகள் மட்டுமே ஒரு பத்தியாக ஓட வேண்டும். எங்கே "அதனால்", "ஆனால்" என்று ஒட்டவைக்க முடியவில்லையோ அங்கே ஒரு ஸ்லைடு இடம் மாறியிருக்கிறது, அல்லது ஒன்று குறைகிறது.

பதில் 7 | மார்ச் 6, இரவு

தலைப்பு ஒன்று சொல்ல, உள்ளடக்கம் வேறு சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான சான்று உண்டு. கொஞ்சம் விலகிப்போகிறேன், ஆனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் அந்தச் சேதத்தை மதிப்பிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறோம் என்ற தொனியில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் கோடு என்று அடுக்கடுக்காக வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், உண்மையான விஷயம்: சோதனை செய்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது சோதனைத் தரவு இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது. தலைப்பை மட்டும் படித்தவர் மனதில் எதிர்மாறான செய்திதான் பதிந்திருக்கும்.

பிப்ரவரி 1 அன்று ஓடம் திரும்பும் வழியில் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஸ்லைடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை வாரியம் தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டி செய்த அலசலோடு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே எடுத்துப்போட்டு, முக்கியமான தகவல் எப்படிக் கடைசிப் படியில் புதைந்தது என்று காட்டியது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை இதுதான். ஸ்லைடில் மூன்றாம் படிப் புள்ளி தேவைப்பட்டால் நிறுத்துங்கள். அந்த வரிகளில் எது உண்மையானால் தலைப்பு பொய்யாகும் என்று தேடுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அதுதான் தலைப்பு.

பதில் 8 | மார்ச் 7

நேரம். 15 நிமிடம் கொடுத்தால் 9 அல்லது 10 நிமிடத்துக்குத்தான் தயார் செய்ய வேண்டும். மீதி கேள்விக்கு. முடிவு பெரும்பாலும் கேள்வி நேரத்தில்தான் உருவாகிறது, அதைச் சாப்பிட்டுவிட்டால் "அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். 10 நிமிடத்துக்கு ஏழு ஸ்லைடு தாராளம். உங்கள் 26இல் 19 வெளியே.

ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மூன்று அளவில் தயாராக இருங்கள். முன்னால் பேசியவர் இழுத்துவிட்டால் உங்களுக்கு ஐந்துதான் கிடைக்கும். அப்போது வேகமாகப் பேசக் கூடாது. பிரமிடின் அடித்தளத்தை விட்டுவிட்டு உச்சியையும் காரணங்களையும் மட்டும் சொன்னால் போதும். வரிசை சரியாக இருந்தால் கீழிருந்து வெட்டுவது சுலபம். முடிவைக் கடைசியில் வைத்தவருக்குத்தான் எதை வெட்டுவதென்று தெரியாது.

பதில் 9 | மார்ச் 7

யாரோ பெச்சா குச்சா பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2003இல் டோக்கியோவில் ஆரம்பித்த வடிவம்: 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி, ஸ்லைடு தானாக நகரும். பேச்சைச் சுருக்கப் பழகுவதற்கு நல்ல பயிற்சி. ஒப்புதல் கேட்கும் மீட்டிங்குக்கு உதவாது. நடுவில் ஒருவர் எண்ணைக் கேள்வி கேட்டால் ஸ்லைடு நிற்க வேண்டும்.

அமேசான் வழியும் அப்படித்தான். 2004இல் ஜெஃப் பெஸோஸ் தன் மூத்த குழுவின் மீட்டிங்குகளில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதில் எழுதிவந்த, ஆறு பக்கம் வரை போகும் குறிப்பை எல்லாரும் மீட்டிங் தொடக்கத்தில் மௌனமாக வாசிப்பார்கள். சிக்கலான விஷயத்துக்கு மிக நல்ல முறை. ஆனால் வாசிக்கும் பழக்கத்தை மேலிருப்பவர் கொண்டுவந்தால்தான் நடக்கும். நீங்கள் ஒருவர் மட்டும் ஆறு பக்கத்தை நீட்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பதில் 10 | மார்ச் 8

சார்ட் பற்றிக் கொஞ்சம். பார் சார்ட்டின் அச்சு பூஜ்யத்தில் ஆரம்பிக்க வேண்டும். பார்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள், அகரவரிசை வேண்டாம். சொல்லவந்த இரண்டு பாருக்கு மட்டும் நிறம், மற்றவை சாம்பல். ஓரத்தில் நிறக்குறிப்புப் பெட்டி வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓடும், பெயரைப் பாரின் மேலேயே எழுதுங்கள்.

சதவீதம் போட்டால் அடிப்படை எண்ணையும் போடுங்கள். 4 பெட்டி 6 ஆனாலும் 50 சதவீத உயர்வுதான். அதை ஒருவர் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாய்விட்டு வாசிக்காதீர்கள். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியபடி, படத்தோடு சேர்த்து ஒரே வாசகத்தைத் திரையிலும் குரலிலும் ஒருசேரக் கொடுத்தால் புரிதல் கூடாது, பெரும்பாலும் குறையும். கேட்பவர் உங்களைவிட வேகமாக வாசித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார். விவாதம் சூடாகும்போது ஆங்கில பி எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். பேக்கப் ஸ்லைடுகளின் எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகலாம், எல்லார் கண்முன்னும் ஸ்லைடுகளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் | மார்ச் 9

தலைப்புகளை மறுபடி எழுதினேன்.

1. கண்ணாடி, பீங்கான் பொருட்களை ஜூலை 1 முதல் 5 பிளை பெட்டிக்கு மாற்ற ஒப்புதல் தேவை
2. ரிட்டர்ன் உயர்வு முழுவதும் இந்த இரண்டு வகையில் இருக்கிறது
3. உடைவு பெரும்பாலும் போக்குவரத்தில் நடக்கிறது
4. சோதனையில் 5 பிளை பெட்டி உடைவை 100க்கு 6லிருந்து 2ஆகக் குறைத்தது
5. கூடுதல் பெட்டிச் செலவைவிட மிச்சமாகும் ரீஃபண்ட் அதிகம்
6. மூன்று சப்ளையர்கள்: ஒப்பீடு
7. அடுத்த படிகள்

பதில் 11 | மார்ச் 9, மாலை

1, 2 நன்றாக நிற்கின்றன. தொட வேண்டாம்.

3 பலவீனம். "போக்குவரத்தில்" என்றால் எப்படி? மேலே மேலே அடுக்கியதில் பெட்டி நசுங்கி உடைகிறதா, கையிலிருந்து விழுந்து உடைகிறதா? நசுங்குவதென்றால் 5 பிளை பதில், அடுக்கின் பாரத்தை அது தாங்கும். விழுவதென்றால் உள்ளே வைக்கும் மெத்தைப்பொருள்தான் முதலில் பேச வேண்டியது, பெட்டியை எவ்வளவு தடிமனாக்கினாலும் பொருள் சுவரில் மோதும். திரும்பி வந்த பெட்டிகளின் படங்களைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். மூலை நசுங்கியவை எத்தனை, பெட்டி நன்றாயிருந்தும் உள்ளே உடைந்தவை எத்தனை? அந்த எண் வந்தால்தான் 3 வாக்கியமாகும், 4க்கும் கால் ஊன்ற இடம் கிடைக்கும். எண் மறுபக்கம் சாய்ந்தால் 1ஐயே மாற்ற வேண்டியிருக்கும். மீட்டிங்குக்கு முன் அது தெரிவது நல்லதுதான்.

4இல் சோதனை செய்த பெட்டிகளின் எண்ணிக்கையைத் தலைப்புக்குக் கீழே பெரிதாகப் போடுங்கள். 100 பெட்டியா 1,000 பெட்டியா என்பது முதல் கேள்வியாக வரும். இரண்டு பெட்டிகளும் ஒரே வழித்தடத்தில் போனவைதானா என்பது அடுத்தது.

5இல் "அதிகம்" என்பதை எடுத்துவிட்டு எண் வையுங்கள், எத்தனை மாதத்தில் சமமாகும் என்றும் சேருங்கள்.

6 இன்னும் வெறும் தலைப்பாகவே இருக்கிறது, வாக்கியமாகவில்லை. சப்ளையரை இந்தக் குழு தேர்ந்தெடுக்கப்போவதில்லை என்றால் பேக்கப்புக்கு அனுப்புங்கள். 7இல் யார், எந்தத் தேதிக்குள், எதை என்று மூன்று வரி போதும். "நன்றி" ஸ்லைடு வேண்டாம், கேள்வி நேரம் முழுக்க 7 திரையில் இருக்கட்டும்.

கிடங்கின் கேள்விக்கு இந்த ஏழில் எங்கும் பதில் இல்லை. 5 பிளை பெட்டியை மடித்து, டேப் போட்டு மூட ஒருவருக்கு எத்தனை வினாடி கூடுகிறது என்று ஒரு ஷிஃப்டில் அளந்து பாருங்கள். அந்த எண்ணை வைத்து ஒரு வாக்கியம் எழுதி 5க்கு அடுத்து வையுங்கள். 6 வெளியே போவதால் மொத்தம் ஏழாகவே இருக்கும்.